ஜெய் பாடிய கேசட்

2006 மே 8, திங்கள்

அஜ்மானிலிருந்து ஷார்ஜா கடைக்கு டிராஃபிக்கில் இன்று ஒன்றே முக்கால் மணி நேரம். வந்ததும் வராததுமாக மேனேஜர், வாஷ்பேசின் ஸ்டாக்கில் இரண்டு குறைகிறது என்று குதித்தான். இரண்டும் அவன் கேபின் கதவுக்குப் பின்னாலேயே இருந்தன. ஐம்பத்தொரு வயதில் இவனிடம் பேச்சு வாங்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

மதியம் குவைத்திலிருந்து போன். காலேஜ் சிநேகிதன் ஜெயசீலனின் மகள் அகிலா. ஃபர்வானியாவில் அப்பாவோடுதான் இருக்கிறாள். மார்ச்சில் ஜெய்க்குத் தொண்டையில் ஆபரேஷனாம். குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்களாம். இனி பேச்சு இல்லை. எல்லாம் நோட்டில் எழுதிக் காட்டுவதுதானாம்.

"நேத்து அப்பா ஒண்ணு எழுதுனாங்க அங்கிள். 'கலீல்கிட்ட டேப் இருக்கு'ன்னு. அப்பா பாடி நான் கேட்டதே இல்ல. ஒன்ஸ் கூட இல்ல. ப்ளீஸ் அங்கிள், சீக்கிரம்."

இருக்கிறது, ஊரில் பத்திரமாக இருக்கிறது, வரவழைத்துவிடலாம் என்றேன். போனை வைத்த பிறகு குடோனுக்குள் போய் டைல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். பாவிப்பய. அவனுக்கா இப்படி?

மே 9, செவ்வாய்

எழுதாமல் இருக்க முடியவில்லை.

மெட்ராஸில் காலேஜ் ஹாஸ்டல். அவன் தூத்துக்குடி, நான் காயல்பட்டினம். இரண்டு பேர் ஊரிலும் உப்பளம். அதனால் எங்கள் ராக் பேண்டுக்குப் பெயர் 'சால்ட் பேன்ஸ்'. நான்கு பேர். ஜெய் கிதாரும் பாட்டும். நான் டிரம்ஸ். சிலோன் ரேடியோ இங்கிலீஷ் சர்வீஸில் கேட்டு, கடன் வாங்கிய ரெக்கார்டில் தேய்த்துத் தேய்த்துக் கேட்டு, ராக் பாட்டாகப் படித்தோம். பாதி வார்த்தை எங்களுக்கு விளங்காது. விளங்காத இடத்தில் ஜெய் சொந்தமாக ஏதோ இங்கிலீஷ் போட்டுப் பாடுவான். யாரும் கண்டுபிடித்ததில்லை. எனக்கு முதுகு வரை முடி. லீவுக்கு ஊருக்குப் போகுமுன் வெட்டிவிடுவேன். வாப்பாவுக்குத் தெரிந்தால் வீட்டில் சேர்க்க மாட்டார்கள்.

ஜெய்க்குக் கணக்கு வராது. பாட்டை எங்கே எடுப்பது என்று என்னைத்தான் பார்ப்பான். நான் இரண்டு குச்சியையும் சேர்த்து நான்கு தட்டு தட்டுவேன். நாலாவது தட்டு முடிந்ததும் அவன் குரல் எழும்பும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

கடைசிக் கச்சேரி 1977 பிப்ரவரி. காலேஜ் திறந்தவெளி மேடை. ஆயிரம் பேராவது இருந்திருப்பார்கள். ஹாஸ்டல் பையன் ஒருவன் பேட்டரி டேப் ரிக்கார்டரில் பிடித்துக் கொடுத்தான். உலகத்தில் அந்த ஒரு கேசட்தான். அதன் மேல் யாரும் எதையும் பதிந்துவிடக் கூடாது என்று முதுகிலுள்ள பிளாஸ்டிக் காதை இரண்டு பக்கமும் அன்றைக்கே ஒடித்துவிட்டேன்.

பிறகு அவன் குவைத், நான் இங்கே. ஒன்றரை மணி நேர விமானம். இருபத்தொன்பது வருஷமாக ஒரு தடவைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போன் செய்வேன். "டேப் இருக்கால?" என்பான். "பத்திரமா இருக்குல" என்பேன். தொண்ணூறு குவைத் யுத்தத்தில் கிதாரைப் போட்டுவிட்டு ஊருக்கு ஓடி வந்து திரும்பிப் போனவன், அதற்குப் பிறகு வாயைத் திறந்து முணுமுணுத்ததுகூட இல்லையாம். ரூமில் என்னோடு மூன்று பேர் இருக்கிறார்கள். நான் டிரம்ஸ் அடித்தவன் என்று ஒருவனுக்கும் தெரியாது. ஊரில் இருக்கும் மனைவி ரஹீமாவிடமே சொன்னதில்லை. சிநேகிதன் பாடிய கேசட் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

மே 12, வெள்ளி

ரஹீமாவுக்குப் போன். அலமாரியில் இருக்கிறது என்றாள். உடனே சொல்லிவிட்டாள், தேடக்கூட இல்லை. எங்கள் தெரு செய்கு முகம்மது லீவில் போயிருக்கிறான், ஜூன் முதல் வாரம் திரும்புவான். அவனிடம் கொடுத்துவிடச் சொன்னேன். சரி என்றாள். அப்புறம், கேட்டு முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றாள். அவளுக்கு எதற்கு ராக் பாட்டு?

மே 21, ஞாயிறு

சூடு நாற்பத்து மூன்று. அகிலா மறுபடி போன் செய்தாள். அப்பா தினமும் கேட்கிறாராம். வந்துகொண்டே இருக்கிறது என்றேன்.

ஜூன் 3, சனி

செய்கு முகம்மது வந்தான். மாசிக் கருவாடு, பனங்கற்கண்டு, ரஹீமா சுற்றிக் கொடுத்த பொட்டலம். பிரித்தேன். அதேதான். என் கையெழுத்து, 'சால்ட் பேன்ஸ் 77'.

திருப்பிப் பார்த்தேன். நான் ஒடித்த காது இருந்த ஓட்டை இரண்டின் மேலும் செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. மஞ்சளாகிப்போன செல்லோடேப். ஓட்டையை அப்படி மூடினால்தானே மேலே பதிய முடியும்?

உடனே ரஹீமாவுக்குப் போன் போட்டேன். என்னத்தைப் பதிஞ்ச, பள்ளிவாசல் பயானா, கல்யாண வீட்டுப் பாட்டா, உலகத்துல ஒண்ணே ஒண்ணு இருந்திச்சு, அதையும் நாசமாக்கிட்டியே, உனக்கு அறிவு இருக்கா... என்னென்னவோ கத்திவிட்டேன். ரூமில் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சு வாங்கியபோது, "போட்டுக் கேட்டுட்டுப் பேசுங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

ஜூன் 4, ஞாயிறு

போட்டுக் கேட்க எங்கே போவது? எல்லோரிடமும் சிடி. கடைத்தெருவில் கேசட் பிளேயர் கேட்டேன், "மாஃபி, இல்ல பாய்" என்று சிரித்தான். கடைசியில் எங்கள் கடை டிரைவர் தியாகு, தன் பழைய பிக்கப் வண்டியில் கேசட் செட் இருக்கிறது என்றார். என் வயதுக்காரர், சிவகங்கைப் பக்கம். எதற்கு என்று கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன்.

ஜூன் 6, செவ்வாய்

முவைலாவில் ஒரு வில்லாவுக்கு டைல்ஸ் இறக்கப் போனோம். தியாகு சாவியைக் கொடுத்துவிட்டு இறக்கப் போய்விட்டார். பிக்கப்பில் நான் மட்டும். கேசட்டைத் தள்ளினேன்.

பயான் இல்லை. கல்யாணப் பாட்டு இல்லை. நான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ரஹீமா. புள்ள பொறந்த தந்தி கெடச்சிச்சு." 1983. மூத்தவள் ஃபஸ்னா பிறந்த வாரம். அப்போது கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவோமே, அது. "காலையில ஆள் போறாரு. கட பூட்டிட்டான், வெறுங்கேசட்டு இல்ல. ஜெய் பாடுன கேசட்டுலதான் பேசுறேன். அது போவட்டும், நாங்க ஊருல சேந்து மறுபடியும் பாடிப் பதிஞ்சிக்கிடுவோம். புள்ள எஞ்சத்தத்த மொதல்ல கேக்கட்டும்."

செல்லோடேப் ஒட்டியது நான். சுத்தமாக மறந்துபோயிருக்கிறேன். மறந்ததோடு விடாமல் இருபத்து மூன்று வருஷம் அவனிடம் பத்திரமா இருக்கு, பத்திரமா இருக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

மறுபடியும் பாடிப் பதிஞ்சிக்கிடுவோமாம். எவ்வளவு லேசாகச் சொல்கிறேன்!

ஏ பக்கம் முழுக்க நான்தான் பேசுகிறேன். ரெண்டே வருஷம், ஒரு வீடு கட்டுற அளவுக்குச் சேந்ததும் வந்துருவேன் என்கிறேன். தியாகு வந்து கண்ணாடியைத் தட்டினார். மீதியைக் கேட்கவில்லை.

ஜூன் 7, புதன்

அகிலா இரண்டு தடவை அழைத்தாள். எடுக்கவில்லை.

ஜூன் 8, வியாழன்

ரஹீமாவிடம் தப்பு என் மேல்தான் என்று சொன்னேன். "தெரியும்" என்றாள். அது உங்க லெட்டர், அதனாலதான் இத்தன வருசம் பூட்டி வச்சிருந்தேன் என்றாள். மன்னிச்சிரு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போன் கார்டு தீர்ந்துவிட்டது.

ஜூன் 9, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து தியாகுவிடம் சாவி வாங்கிக்கொண்டேன். அகிலாவிடம் உண்மையைச் சொல்லித் தொலைப்பதற்கு முன் பி பக்கத்தையும் கேட்டுவிடுவோம் என்று.

அங்கேயும் நான்தான். பிள்ளைக்குப் பெயர், உம்மாவின் மூட்டு வலி, ரூமில் சமையல். பாதிக்கு மேல் போய்விட்டது. இதற்கு மேல் ஒன்றும் இருக்காது என்று கையை நீட்டினேன். சலாம் சொல்லி முடிக்கிறேன். டக் என்று ஒரு சத்தம்.

டிரம்ஸ்.

கரண்ட் போன இடம்! கடைசிப் பாட்டின் நடுவில் அன்றைக்குக் கரண்ட் போய்விட்டது. மைக் இல்லை, கிதார் இல்லை, ஒரே இருட்டு. ரிக்கார்டர் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. கூட்டம் ஊளையிடுகிறது. நான் பதறிப்போய் அடியைத் தளர்த்துகிறேன், டேப்பில் நன்றாகவே தெரிகிறது. அப்போது மைக் இல்லாத வெறும் தொண்டையில் அவன்:

"லேய் கலீலு! நிறுத்திராதல! கரண்டு வரும்! அடில!"

அப்புறம் அந்த வெறும் தொண்டையிலேயே பாடுகிறான். ஆயிரம் பேருக்கும் கேட்கும்படி. இங்கிலீஷ் எல்லாம் தப்பு. மூன்று நிமிஷம், கொஞ்சம் கூடவும் இருக்கலாம். கரண்ட் வருவதற்குள் டேப் முடிந்துவிடுகிறது.

ஸ்டியரிங் மேல் தலையை வைத்து அழுதேன். பக்கத்துக் காரில் ஒருவன் பார்த்தான். பார்க்கட்டும்.

அகிலாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். என் குரலை நானே அதன் மேல் பதிந்தது, மிஞ்சியது மூன்று நிமிஷம், எல்லாம். அவள் கோபப்படவில்லை. அப்பா காதில் வைக்கிறேன் அங்கிள் என்றாள். மொபைலை ஸ்பீக்கரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஓடவிட்டேன்.

முடிந்ததும் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். ஜெய், கேக்குதால என்றேன். பதில் எப்படி வரும், நானும் ஒரு மடையன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சத்தம். டக். டக். டக். டக். பேனாவோ நகமோ, போனின் மேல் தட்டுகிறான். நான்கு.

கணக்கு வராதவன். என் வேலையை அவன் செய்கிறான். நான் டேஷ்போர்டில் அடிக்க ஆரம்பித்தேன். இரண்டு கையாலும். கார்டு தீரும்வரை.

ஜூலை 14, வெள்ளி

வெள்ளி மூன்று மணி என்றால் போன் வரும். நான்கு தட்டு. நான் அடிப்பேன். தியாகு சாவியோடு இரண்டு மரக் கரண்டியும் கொண்டுவந்து கொடுக்கிறார். கை வலித்தால் இதால அடிங்க பாய் என்கிறார். அகிலா சொன்னாள், அப்பா அன்றைக்கு மட்டும் காலையிலேயே ஷேவ் பண்ணிக்கொள்கிறாராம்.

மற்ற ஆறு நாளும் வழக்கம்போலத்தான். வாஷ்பேசின், டிராஃபிக், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தல். ஆனால் வாரத்தில் ஒரு நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

மூன்று மணிக்குப் போன் வரவில்லை. மூன்றேகாலுக்கு நானே போட்டேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நினைவு இல்லை அங்கிள் என்றாள் அகிலா. காதில் வை என்றேன். நான்கு தட்டு தட்டிவிட்டு அடித்தேன். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. மெஷின் சத்தம் மட்டும். நிறுத்தவில்லை. ஒரு கார்டு தீர்ந்து இன்னொன்று சுரண்டிப் போட்டேன். அதுவும் தீர்ந்தது.

ஆகஸ்ட் 21, திங்கள்

விடியற்காலை ஜெய் போய்விட்டான். மேனேஜரிடம் லீவு கேட்டேன். சொந்தமா என்றான். ஆமா என்றேன்.

செப்டம்பர் 1, வெள்ளி

மூன்று மணிக்கு பிக்கப்பில் போய் உட்கார்ந்தேன், பழக்கம். சும்மா இருக்க முடியாமல் ரஹீமாவுக்குப் போட்டேன். பத்து நாளாக அவளிடம் சொல்லவே இல்லை. ஜெய் இறந்துவிட்டான் என்றேன்.

"யாரு? கேசட்டு கடைசியில நிறுத்திராதலன்னு கத்துவாரே, அவரா?"

உனக்கெப்படித் தெரியும் என்றேன்.

"இருவத்து மூணு வருசமாக் கேக்குறேனே. உங்க பேச்சு முடிஞ்சதும் அந்தக் கொட்டுச் சத்தம் வரும். அதையும் சேத்துத்தான் கேப்பேன். கலீலுன்னு கூப்புடுறாரு, பொறவு யாரு அடிக்கிறதாம்?"

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன் என்றாள். அப்புறம், கேசட்டை யாரிடமாவது கொடுத்துவிடச் சொன்னாள்.

"நானே கொண்டு வாறேன்" என்றேன்.

"லீவுலயா?"

"இல்ல. விசா கேன்சல் பண்ணச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன். மொத்தமா வாறேன்."



"அந்தக் கேசட்டுல ரெண்டே வருசம்னு ஒரு எடத்துல சொல்லுவிய" என்றாள். "அந்த எடம் வந்தா மட்டும் நான் ஓட்டி விட்டுருவேன்."

அப்புறம், நோன்புக்கு முன்னாடி வந்துருவியளா என்று கேட்டாள். வந்துவிடுவேன் என்றேன்.