அய்யாவின் பின்மண்டைப் படம்

கடலாடி
ஆவணி 12

அன்பு மகன் யோகேஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே நலம். மஸ்கட் வெயிலில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் உன்னைப் பெத்த அய்யா பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படி.

பங்குனியில் மிளகாய் வத்தல் பிரிக்கும்போது உன் அய்யா வெளிறியதையும் சிவப்பையும் ஒரே கூடையில் போட்டார். முப்பது வருஷம் மிளகாய் போட்ட மனுஷனுக்குக் கண் அவிந்துபோச்சா என்று கத்தினேன். சட்டையைத் திருப்பிப் போடுவார், எதிரே இருக்கும் செம்பை விட்டுவிட்டுப் பக்கத்தில் தடவுவார், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் மணி கேட்பார். இராமநாதபுரத்தில் இரண்டு தடவை கண்ணாடி மாற்றி, வலது கண்ணில் புரையும் எடுத்தோம், ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் கண் டாக்டரே, கண்ணில் குறையில்லை, மதுரைக்குப் போய் மண்டையை ஸ்கேன் எடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் உன் சித்தப்பா மகள் சிநேகாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அந்தப் படத்தைப் பார்த்த பிரமிப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லையப்பா. இந்தத் தலைக்குள்ளே அத்தனை மடிப்பு! நாம் மறதி வியாதி என்று ஒரே பெயரில் சொல்வதில் பல விதம் இருக்கிறதாம், மூளை எல்லாருக்கும் ஒரே இடத்தில் சுருங்குவதில்லையாம். பெரும்பாலும் காதுக்கு உள்பக்கம் சுண்டுவிரல் அளவு இருக்கும் ஓர் இடம்தான் முதலில் சுருங்கும், அவர்களுக்குக் காலையில் சாப்பிட்டதே மறக்குமாம். சிலருக்கு நெற்றிக்குப் பின்னால் சுருங்கிக் குணமே மாறிப்போகுமாம், சிலருக்கு இடது நெற்றிப்பொட்டுப் பக்கம் சுருங்கினால் சொல்லுக்கு அர்த்தமே மறந்து, உப்பு என்றால் என்ன என்று கேட்பார்களாம். உன் அய்யாவுக்குப் பின்மண்டை. கண் பார்த்ததை இன்னது என்று கண்டுகொள்வது அங்கேதானாம். கண் முன்னால் இருக்க, பார்ப்பது பின்னால் நடக்கிறது என்று ஐம்பத்தெட்டு வயதுவரை எனக்குத் தெரியாது.

மூளை பார்க்கும் டாக்டரம்மா பேனாவைக் காட்டி என்ன என்று கேட்டார், அய்யா முழித்தார். கையில் கொடுத்ததும் பேனா என்றார். என் பையில் கிடந்த ஒரு வத்தலை நானும் கொடுத்துப் பார்த்தேன், காதோரம் குலுக்கிவிட்டு, "இது இன்னும் ஒரு வெயில் காயணும்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நினைவு எப்படி என்று கேட்டதற்கு, நீ பிறந்த ஐப்பசியில் பஸ் வராமல் என்னை டிராக்டரில் ஏற்றிப் போனதை, ஓட்டினவர் பெயரோடு சொன்னார். நானே மறந்த பெயர்.

அப்புறம் டாக்டரம்மா, முகங்கள் தெரிகிறதா என்று கேட்டார். அய்யா தலையைக் குனிந்துகொண்டார். "பொங்கலுக்கு மகன் வந்து வாசல்ல நின்னு சிரிச்சான். யாரு தம்பி, யாரைத் தேடுறீகன்னு கேட்டுப்புட்டேன். உள்ள போயி அவுக அம்மாட்ட பேசுன கொரலக் கேட்டப்புறந்தான் தெரிஞ்சது. பெத்த மகன் மொகம் தெரியலன்னு எப்பிடிச் சொல்லுவேன், கோவம்னே நினைச்சுக்கிறட்டும்னு விட்டுட்டேன்" என்று சொல்லி அழுதார்.

மிளகாய்க் காட்டை விட்டு நீ மஸ்கட் போன ஆத்திரத்தில் உன்னை வேண்டுமென்றே அவமானப்படுத்தினார் என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், நீ ஏழு மாதமாக அவரிடம் பேசவில்லையே என்று அவரைத்தான் திட்டினேன். அத்தனையையும் வாங்கிக்கொண்டார் அந்த மனுஷன். உன்னை நினைத்திருக்கும் அந்தச் சுண்டுவிரல் இடம் படத்தில் இன்னும் முக்கால்வாசி நன்றாகவே இருக்கிறதப்பா, நானே பார்த்தேன். ஆனால் இந்தச் சுருக்கம் ஒரே இடத்தில் நிற்காது, சில வருஷத்தில் அங்கேயும் வந்துவிடும், நிறுத்த மருந்தில்லை என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

தண்ணீர் நிறையக் குடி, வெயிலில் தொப்பி இல்லாமல் வேலைக்குப் போகாதே. முனியசாமி உனக்குத் துணையிருக்கட்டும், நூறு வயசு நன்றாக இரு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் போனை அவர் கையில் கொடுத்து வைத்திருப்பேன். வீடியோவில் வராதே, சும்மா கூப்பிடு. லீவு கிடைத்து ஊருக்கு வரும்போதும் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருக்காதே. தெருவிலிருந்தே "அய்யா" என்று ஒரு சத்தம் கொடு. அது போதும், அவரே எழுந்து வருவார்.

உன் அம்மா
முருகலட்சுமி