பாயின் மறு பாதி

மணிலா, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நெனித்தா,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? அத்தையின் இருமல் நின்றதா?

நீ அனுப்பிய கோரைப்பாய் வந்து சேர்ந்தது. கட்டட வேலைக்காரர்கள் தங்கும் கொட்டகையில் விரித்ததும் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள். நம் ஊர்க்காரன் காசியானோ குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு பேர் பின்னின பாய்டா. உன் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்தது யாரு?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இடப் பாதி உன் கைதான், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆறு வருடமாக, கோரை காய்ந்து ஒடியாமலிருக்க நம் ஊர்க் குகைக் குளிர்ச்சியில் உட்கார்ந்து, உன் தோளை உரசிக்கொண்டு வலப் பாதியைப் பின்னியவன் நான். என் பின்னல் எப்போதும் தொளதொளவென்று இருக்கும். "இதுல கொசு நுழையும்யா" என்று கேலி செய்வாய். இந்த வலப் பாதியில் வெளிச்சம்கூட நுழையவில்லை. ஒரு மாதமாவது ஒட்டி உட்காராமல் இரண்டு பேரின் கைகள் இப்படி ஒன்றுபோல ஓடாது, நெனித்தா. எவன் அவன்?

கோபமெல்லாம் இல்லை. சும்மாதான் கேட்கிறேன்.

இங்கே வருகிறவர்களிடம் கொஞ்சம் கருவாடும், சாயம் போடாத கோரை ஒரு கட்டும் கொடுத்தனுப்பு. சிமெண்டில் விரல்கள் மரத்துவிட்டன. இறுக்கிப் பின்னிப் பழக வேண்டும்.

லாரி வந்துவிட்டது, முடிக்கிறேன். பின்னியது உன் அக்கா என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. பதில் வரும்வரை உன் பாதியில் மட்டும் ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறேன். மறு பாதியில் என் சேற்றுப் பூட்ஸை வைத்திருக்கிறேன்.

உன்,
தியோடி