வைக்கோலுக்குள் இருந்த ஆங்கிலேயன்

அன்புள்ள தெரேசா அம்மா,

நீங்கள் கண்மூடி மூன்று வாரமாகிறது. டென்மார்க்கில், நான் வேலைசெய்யும் சில்க்போர்க் முதியோர் இல்லத்தில் உங்கள் அறைக்கு வேறொருவர் வந்துவிட்டார். நீங்கள் என்னிடம் ஒப்படைத்த வேலையை நேற்று முடித்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்களைப் பராமரிக்க வந்த முதல்நாள் நான் கொண்டுவந்த தேநீரைத் தள்ளிவைத்தீர்களே, நினைவிருக்கிறதா? "இது இங்கிலீஷ்காரன்ர தண்ணி" என்றீர்கள். நாம் பேசியது டேனிஷ்தான். என் நினைவில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே நிற்கிறது. "உங்கட நாட்டை அவங்கள் ஆண்டவங்கள்தானே, உனக்குக் கோபமில்லையோ?" என்று கேட்டீர்கள். "நான் பிறக்கமுதலே போயிட்டாங்கள் அம்மா" என்றேன். சிரித்துவிட்டீர்கள்.

பிறகொரு நாள், குளிப்பாட்டும்போது எல்லாவற்றையும் சொன்னீர்கள். இத்தாலியில் பாசிஸ்டுகள் ஆண்ட காலத்துப் பள்ளிக்கூடம். ஆங்கிலேயரைக் கடவுள் சபிக்கட்டும் என்று எழுதிய வில்லையை ஆசிரியை உங்கள் சட்டையில் குத்திவிட்டார். தேநீர் எதிரியின் பானம் என்று பள்ளியிலும் பேப்பரிலும் சொன்னார்கள்.

உங்களுக்குப் பன்னிரண்டு வயதில், சிறைமுகாமிலிருந்து தப்பிய ஓர் ஆங்கிலேயச் சிப்பாய் உங்கள் வீட்டு வைக்கோற்போருக்குள் ஒளிந்தான். உங்கள் அம்மா அவனுக்கு ரொட்டி கொடுத்தார். நீங்கள் ஆசிரியையிடம் போய்ச் சொன்னீர்கள். மறுநாள், அப்போது உங்கள் ஊரைப் பிடித்திருந்த ஜெர்மன்காரரின் லொறி வந்தது. அவனோடு அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான்கு மாதம் கழித்து அம்மா மட்டும் திரும்பினார். காட்டிக்கொடுத்தது யாரென்று கடைசிவரை அவர் கேட்கவில்லை.

"சின்னப் பிள்ளைதானே, படிப்பிச்சதை நம்பினீங்கள்" என்றேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அம்மாவும் அதே பேப்பரைத்தான் வாசிச்சவ. அவ ரொட்டி குடுத்தாவே."

உங்கள் தலையைத் துவட்டினேன். "நான் போனபிறகு மகனிட்டச் சொல்லு. அவன்ர முகத்தைப் பாத்து என்னால சொல்லேலாது" என்றீர்கள்.

நேற்று வைலே நகரில் உங்கள் மகன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கேட்டார்.

"அந்த ஆளின்ர பேர் என்ன?"

"அவவுக்குத் தெரியாது."

"அம்மம்மாவுக்குத் தெரியுமோ, அம்மாதான் சொன்னவ எண்டு?"

எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கே தெரியாதே. தெரிந்துதான் உங்கள் அம்மா கேட்காமல் விட்டாரா?

கோடையில் உங்கள் மகன் இத்தாலிக்கு, அம்மம்மாவின் கல்லறைக்குப் போகிறார். என்னையும் வரச் சொன்னார். இன்று காலை லீவு கேட்டுவிட்டேன். நீங்கள் வாழ்நாளெல்லாம் உங்கள் அம்மாவிடம் சொல்லாததை அவர் அங்கே சொல்லுவார். அவரால் முடியாவிட்டால் நான் சொல்லுவேன். எனக்கு இத்தாலி மொழி வராது, தமிழிலாவது சொல்லுவேன்.

உங்கள் தமிழ் மகள்,
சுகந்தி