தூம்படைத்த பழி நீக்கி நீர்வாயிலுக்கு விடுத்த ஓலை

மலைச்சுனை வற்றாது சுரக்க. மூங்கிற்காடு முளைவிட்டுத் தழைக்க. பொழிலாறு கரைக்குள் அடங்கி ஓடுக.

வேய்மலை நாட்டின் ஏழு கூற்றமும் ஆளும் கோமகள், முறைவேண்டி வந்தவர்க்கு எளியார், பன்னீராண்டு செங்கோல் நிறைத்த அரசி பெருங்காந்தள் தேவியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் கீரங்கொற்றன் எழுதுவது. தென்னெல்லையில் ஆற்றுத்துறை காக்கும் நீர்வாயிற் காவற்றலைவர் வேண்மான் பொறையனார் காண்க. தங்கள் கோட்டைக்கும், கொடிக்கும், காவல் வீரர்க்கும், கரையோரத்துப் பயிருக்கும், குளிர்காலந்தோறும் தங்களைப் படுத்தும் முழங்காலுக்கும் நலம் உண்டாகுக.

செய்தி இதுவே. அக்கரைக்குக் கடத்திவிடுமாறு தங்களிடம் ஒப்புவிக்கப்பட்ட நெய்தற் குடும்பங்கள் முப்பத்திரண்டையும் கடத்தாது நிறுத்துக. காரணம் கீழே வருகிறது. அதைப் படித்து முடித்துவிட்டு ஆக வேண்டியதைப் பார்க்கலாம் என்று இருந்துவிட வேண்டா. முதலில் துறைக்கு ஆளை ஓடவிட்டுப் படகை நிறுத்துங்கள். பிறகு வந்து உட்கார்ந்து ஆற அமரப் படியுங்கள்.

நிறுத்தியாயிற்றா? நல்லது.

அரசியார் முடிசூடிப் பன்னிரண்டாம் ஆண்டு நிறைந்த விழாவுக்கு நகரையே வெண்ணிறமாக்கிக் காண வேண்டும் என்று ஆசைப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். மூன்றே நாளில் ஒவ்வொரு வீட்டாரும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடிக்க வேண்டும், மூன்றாம் நாள் குஞ்சு குளுவான் உட்பட அனைவரும் தலைக்கு எண்ணெய் தேய்த்து நீராடிப் புத்தாடை உடுத்த வேண்டும் என்று முரசறையச் செய்தார். நகரமும் மகிழ்ந்து அப்படியே செய்தது. விழா என்னவோ அமர்க்களமாகத்தான் நடந்தது. நாலாம் நாள் காலையில்தான் வினை தொடங்கிற்று. மேலைத்தெருவில் ஒரு வீட்டின் குளியலறையில் தண்ணீர் போகவில்லை. அடுத்து அதற்கு எதிர்வீட்டில். ஏழாம் நாளுக்குள் நகரில் பாதி வீடுகளில் முற்றத்துத் தூம்பு வாய் பிளந்து கழிநீரை உள்ளே கக்கியது. மூக்கைப் பொத்திக்கொண்டு சோறு உண்ணும் நிலை வந்தது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் கண்டது.

நகரத்துத் தூம்புகளுக்கெல்லாம் கண்காணியாகிய அரிசிலன் என்பான் வந்து அரசியார் முன் நின்று, தாழ்ந்த பகுதியாகிய கீழைத்தெருவில் தூம்பின் கடைவாய் அடைபட்டிருப்பதாலேயே மேலே தண்ணீர் எதிர்க்கிறது என்றும், அங்கே குடியிருக்கும் நெய்தல் மக்கள் மீன் செதிலையும் குடலையும் தூம்பில் தள்ளுவதே காரணம் என்றும் விண்ணப்பித்து, சான்றாக ஒரு கைப்பிடிச் செதிலையும் முன்னே வைத்தான். இரண்டாண்டுக்கு முன் கடல் தங்கள் ஊரை விழுங்கியபோது நடந்தே வந்து அடைக்கலம் கேட்டவர்கள் அவர்கள். கீழைத்தெருவைக் கொடுத்தவரும் அரசியார்தாம். கொடுத்த கையே பிடுங்கியது. வீட்டுக்கு வீடு நாற்றம், அவைக்கு அவை முறையீடு. எரிச்சலில் இருந்த அரசியார் ஒரு குழாயைக்கூட உடைத்துப் பார்க்கச் சொல்லவில்லை. புதிதாகப் பூசிய சுவரை இடிக்க மனம் வராதது ஒரு காரணம் என்று இப்போது அவரே சொல்கிறார். முப்பத்திரண்டு குடும்பமும் எல்லை கடக்க வேண்டும் என்று இலச்சினை பொறித்துவிட்டார்.

அக்கரையில் பிணை சொல்ல ஆளில்லாமல் இறங்குவோரை அந்நாட்டார் அடிமையாக எழுதிக்கொள்வார்கள் என்பதைத் துறையில் இருக்கும் தங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அவையில் இருந்த எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை; ஆணையை எழுதியவனும் நானே. வெட்கக்கேடு.

அவர்கள் போய் எட்டு நாளாயின. தண்ணீர் போகவில்லை. பழி சுமந்தவர்கள் ஊரைவிட்டே போனபிறகும் அடைப்பு அப்படியே இருந்தால் என்ன பொருள் என்று யாராவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஒன்பதாம் நாள் அரண்மனையின் குளியலறையே கணுக்கால் அளவு நிறைந்தது. அரசியார் சீயக்காய்த் தலையோடு வெளியே வந்து நின்ற கோலத்தைப் பார்த்துச் சிரித்த தாதிகள் இருவர் இன்னும் மூலையில் ஒளிந்திருக்கிறார்கள்.

நெய்தற் குடியில் ஒருத்தி மட்டும் நகரில் தங்கியிருந்தாள். பெயர் பவழத்தி. மற்றவர்கள் புறப்பட்ட அன்று பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி என்பதால் பத்து நாள் தவணை கொடுத்து, அரண்மனை மருத்துவச்சி வீட்டில் வைத்திருந்தார்கள். கணவன் சுறவன் தங்கள் துறையில் இருக்கிறான்; அவன் குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அரிசிலனின் ஆட்கள் அரண்மனைக் குழாயில் கழியை விட்டு இடித்து இடித்துக் களைத்து, கடைசியில் மூட்டுவாயைக் கழற்றினார்கள். உள்ளேயிருந்து வெள்ளைவெளேரென்று ஓர் உருண்டை வந்தது. தேங்காய் அளவு, கல் மாதிரி இறுகியிருந்தது. எவனோ பகைவன் வைத்த வஞ்சனை என்று ஒருவன் கூவ, எல்லோரும் பின்வாங்கினார்கள். கூச்சல் கேட்டுப் பவழத்தி பிள்ளையை ஒரு கையால் மார்போடு அணைத்தபடி வந்து அதைக் கையில் எடுத்தாள், நகத்தால் சுரண்டினாள், முகர்ந்து பார்த்தாள், பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

சான்று உரைப்போர் சொல்லைத் திருத்தி எழுதலாகாது என்பது இவ்வரண்மனையின் முறை. ஆதலால் அவள் சொன்னது சொன்னபடியே:

"அட ஆத்தா, இது எங்க படகுப் பத்துல்ல! பலகைக்கும் பலகைக்கும் நடுவுல தண்ணி ஏறாம இருக்க நாங்க இடிச்சு வைக்கிறது. சுண்ணாம்பையும் எண்ணெயையும் சேத்து இடிச்சா இதான் வரும். கூட நாரு கெடந்தா இன்னும் கெட்டி. தண்ணிக்குள்ள கெடக்கக் கெடக்க இறுகுமே தவிர கரையாது. இத யாரு உங்க குழாய்க்குள்ள போய் வெச்சா?"

அரசியார் உருண்டையை வாங்கிப் பிளந்து பார்த்தார். நார் இருக்க வேண்டிய இடத்தில் முழ நீள மயிர் சுருண்டு கிடந்தது. அதில் வீசிய தாழம்பூத் தைலத்தின் மணம் இந்நாட்டில் ஒரே ஒரு தலையில்தான் உண்டு. அரசியார் முகத்தில் ஈயாடவில்லை.

உடனே ஐந்து தெருவில் ஐந்து குழாய்களை உடைத்துப் பார்க்கும்படி ஆணையிட்டு, தாமே நடந்து போனார். நெய்தல் மக்கள் காலடி படாத வணிகர் தெருவிலும் அதே வெள்ளை உருண்டை. மறையவர் தெருவிலும் அதே. கீழைத்தெருவில் அகப்பட்டதன் மேல் மட்டும் நாலைந்து செதில் ஒட்டியிருந்தது, மாவுருண்டைமேல் எள் ஒட்டியதுபோல. மூன்று நாளில் சுவரடிக்கச் சொன்னதால், எல்லோரும் சுண்ணாம்பு அடித்த மட்டையையும் பானையையும் அவசரமாகத் தூம்படியிலேயே கழுவியிருக்கிறார்கள். சுண்ணாம்பு குழாயின் அடியில் படிந்தது. அது காய்வதற்குள் மூன்றாம் நாள் நகரம் முழுவதும் ஒரே காலையில் எண்ணெய்த் தலையை அலசியது. இரண்டும் உள்ளே சந்தித்துக்கொண்டன. அதைக் கரைக்கிறோம் என்று அரிசிலனின் ஆட்கள் கழியால் இடித்தது, படகுக்காரர் உலக்கையால் இடிப்பது போலவே ஆயிற்று.

நகரை ஒரு படகாக்கி, ஒரு துளி வெளியேறாதபடி நாமே பற்று வைத்து அடைத்தோம் என்றார் அரசியார். அப்படிச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. வணிகர் தெருவின் நடுவில், ஊரார் பார்க்க, கண்ணீர் விட்டார். பன்னீராண்டில் நான் அதைக் கண்டதில்லை.

அரிசிலன் தன் கண்காணிக்கோலை அங்கேயே காலடியில் வைத்து, தன்னைத் துரத்திவிடுமாறு வேண்டினான். அரசியார் துரத்தவில்லை. பார்க்காமல் சொன்னவனைத் துரத்தினால், பார்க்காமல் முத்திரை வைத்தவரை என்ன செய்வது என்று கேட்டார். பிறகு பவழத்தியிடம் வழி கேட்குமாறு பணித்தார். இடிக்காதே, இழு என்றாள் அவள். பழைய பற்றை எடுக்க அவர்கள் செய்வதுபோல, புளித்த காடியைக் கொதிக்கக் காய்ச்சி ஊற்றி, ஒரு பகல் ஊறவிட்டு, நுனி வளைந்த இரும்புக் கொக்கியால் துண்டு துண்டாக வெளியே இழுக்க வேண்டும் என்று வெறுந்தரையில் உட்கார்ந்தபடியே காட்டிக் கொடுத்தாள். நேற்று முதல் மேலைத்தெரு முழுவதும் தண்ணீர் கலகலவென்று ஓடுகிறது. ஒரு சலதாரையின் ஓசை இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று யார் கண்டார்கள்?

இனி நகரெங்கும் வீட்டார் செய்ய வேண்டியது குறித்து நேற்று முரசறையப்பட்டது. தங்கள் கோட்டையிலும் அறைவிக்க. சுண்ணாம்புப் பானையும் மட்டையும் கொல்லையில் தோண்டிய குழியருகே கழுவப்பட வேண்டும். ஒரு சொட்டும் தூம்பில் விழலாகாது. எண்ணெய் தேய்த்தவர் நீராடுமுன் பயற்றமாவால் உடம்பைத் துடைத்தெடுத்து, அந்த மாவை மரத்தடியில் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொள்க. வாரிய மயிரைச் சுருட்டித் தூம்பில் தள்ளும் பெருமக்கள் (அரண்மனையில் இருப்போர் முதலாக) அவ்வழக்கத்தை விடுக. குயவர்கள் துளையிட்ட மண்தட்டுச் செய்கிறார்கள். ஒவ்வொரு தூம்பு வாயிலும் ஒன்று பதித்து, சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் அதில் தங்கினால் அன்றன்றே எடுத்தெறிக. வாரத்துக்கொரு முறை ஒரு பானை வெந்நீர். அடைத்தபின் கழி தேடுவதைவிட இது எளிது. முதல் தட்டு அரசியார் குளியலறையில் பதிக்கப்பட்டது. மயிரைத் தம் கையாலேயே எடுக்கிறார், நான் பார்த்தேன்.

இனித் தங்களைப் பற்றி. துறைப்படகு ஒழுகுவதால் குடிகளைக் கடத்தத் தாமதமாகிறது என்று தாங்கள் விடுத்த ஓலை வந்தது. அன்று அரசியார் சினந்து, அமாவாசைக்குள் கடத்தாவிடில் பதவி இல்லை என்று மறுவோலை அனுப்பியதும் உண்மை. ஐயா, படகுக்குப் பற்று வைப்பதையே குலத்தொழிலாகக் கொண்ட முப்பத்திரண்டு குடும்பங்களைக் கரையில் உட்கார வைத்துக்கொண்டு படகு ஒழுகுகிறது என்று எழுதினீர்களே! பொய் சொல்வதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டாமா? நேற்று அவ்வோலையை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டு, அரசியார் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, என் ஆணையைவிட நல்லது அந்தப் பொய் என்றார். தங்கள் பதவி தங்களுடையதே.

இவ்வோலை கொண்டுவருபவன் அரிசிலன். குதிரையேறிப் பழக்கமில்லாதவன், நான்கு நாள் வழியை மூன்றில் கடப்பதாகச் சொல்லிப் புறப்படுகிறான். அவனைத் தாங்கள் கடிந்துகொள்ள வேண்டா. அவன் நேரே அம்மக்கள்முன் நின்று தன் வாயால் சொல்லவே வருகிறான்.

என்ன வரம் வேண்டும் என்று அரசியார் பவழத்தியைக் கேட்டார். ஊருக்கு ஒரு குளமோ, தெருவுக்கு வரிவிலக்கோ கேட்பாள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவள் சொன்னது:

"எங்க ஆளுங்க வந்தா வரட்டும்மா. வரலன்னா, வான்னு அதட்டாதீங்க. போன்னும் அதட்டித்தான் சொன்னீங்க. அத மட்டும் செஞ்சா போதும்."

ஆகவே ஆணை இது. முப்பத்திரண்டு குடும்பங்களும் இன்று முதல் தங்கள் கோட்டையில் அரச விருந்தினர். அவர்கள் விரும்பினால் வண்டியும் காவலும் தந்து, வழிநெடுக உணவளித்து அழைத்துவருக. கீழைத்தெரு வீடுகள் பூட்டியபடியே இருக்கின்றன, சாவிகள் அரசியாரிடம். வர மனமில்லை எனில் வற்புறுத்தற்க. வேறு எங்கே போக விரும்பினும், இலச்சினையிட்ட பிணையோலையோடு, ஒருவரும் அடிமையாகாதபடி மதிப்போடு அனுப்புக. சுறவன் என்பானுக்கு மட்டும் தனியே ஒரு குதிரை கொடுக்க. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம், தகப்பன் வராமல் பெயர் வைப்பதில்லை என்று பவழத்தி பிடிவாதமாக இருக்கிறாள்.

வேய்மலை நாட்டு மூங்கிற்குருத்து இலச்சினை, அரசியார் தம் கைவிரலாலேயே அழுத்தி இட்டது. தேய்பிறைப் பத்தாம் நாள், காலை நாழிகை ஐந்து. ஏழு கூற்றமும் இதற்குக் கட்டுப்படும், இட்டவரும் கட்டுப்படுவார்.

பொறையனாரே, இவ்வோலையைக் கோட்டைக்குள் தாங்கள் மட்டும் படித்ததோடு விட்டுவிட வேண்டா. ஆற்றங்கரையில் அம்மக்கள் அனைவரையும் நிழலில் அமர்த்தி, தாங்கள் எழுந்து நின்று, முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரக்கப் படிக்க வேண்டும் என்பது அரசியார் கட்டளை. அரசி பிழை செய்தார் என்று வரும் இடங்களில் குரலைத் தாழ்த்தாதீர்கள்.