கடலில் போடச் சொன்ன கதை

புதன்கிழமை, இரவு.

இன்று கிளினிக்கில் வரிசையில் இருந்தபோது செல்லத்துரை கேட்டான்: "அண்ணே, நான் செத்தா என்ர உடம்பை ஆர் குளிப்பாட்டுறது?" அவனுக்கும் எனக்கும் ஒரே எச்.ஐ.வி., ஒரே மருந்துக் குளிசை, பதினைந்து வருஷச் சிநேகிதம்.

"எனக்கு அந்தக் கவலையில்லையடா. துறைமுகத்தில நான் கயிறு கட்டாட்டி ஒரு கப்பலும் நிண்டிராது. என்னைக் கடலிலதான் விடுவினம். இருபது கப்பல் ஊதும்," என்றேன்.

எங்கள் ஊர் சாம்பல்தீவு முழுக்க இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். கடலில் விட்டால் ஒருவரும் என்னைத் தொடத் தேவையில்லை. அந்தக் காரணத்தை மட்டும் எவருக்கும் சொன்னதில்லை.

குளிசை தரும் தாதி மிஸி கேட்டுக்கொண்டிருந்தா. "என்னய்யா விசர்க்கதை? கையுறை போட்டுக்கொண்டு வழமைபோலக் குளிப்பாட்டலாம். வீட்டிலயே எல்லாம் செய்யலாம்," என்றா.

நெஞ்சில் கிடந்த நங்கூரத்தை யாரோ தூக்கியது போலிருந்தது.

வெளியே வந்ததும் இருவரும் பேசி முடித்துவிட்டோம். முந்திப் போகிறவரின் உடம்பை மற்றவர் அரப்பு வைத்துக் குளிப்பாட்ட வேண்டும். "நான் தேய்க்கிற தேய்ப்பில நீ எழும்பி ஓடுவாய்," என்றேன். அங்கேயும் நான் என் பெருமையை விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு பஸ்ஸுக்கு நின்றபோது மெதுவாகச் சொன்னேன்: "என்ர இடது தோளில நோ இருக்கு. அதில மெல்லத் தேய்."

"செத்தாப்பிறகு நோகுமோ அண்ணே?"

"நீ மெல்லத் தேயடா."

"ஓம்," என்றான்.

இருபது கப்பலையும் திருப்பி அனுப்பிவிட்டேன். நித்திரை வருகிறது.