மூன்றாம் தடத்தில் நான் சிரித்த காலை

என் உயிரான அம்மாவுக்கு,

உனக்குப் படிக்க வராது. நான் பார்க் வாசல் போர்டில் எழுதியதை எல்லாம், போகிறவர் வருகிறவரை நிறுத்தி, "என் பொண்ணு எழுதுனது, கொஞ்சம் படி, கேக்கலாம்" என்று படிக்க வைத்துக் கேட்டுக்கொள்வாய். நான் வெட்கப்பட்டு சைக்கிள் கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொள்வேன். இதையும் யாராவது உனக்குப் படித்துக் காட்டட்டும் என்றுதான், மண் தடங்களில் சைக்கிள் ஓட்ட வருகிறவர்களுக்கான நம் ஊர் பார்க்கில் இன்று தடம் எப்படி என்று தினமும் போனில் நான் எழுதிப் போடுகிற இதே பக்கத்தில் எழுதுகிறேன். பார்க்கைப் பார்த்துக்கொள்கிற டேவிட் அண்ணனிடம் கேட்டேன். எழுதிக்கோ என்றார்.

முதலில் இன்றைய தடத்தைச் சொல்லிவிடுகிறேன், அதுதானே என் வேலை. முந்திரித் தோப்புக்குள் போகிற முதல் தடம் மழைக்குப் பிறகு நன்றாக இறுகியிருக்கிறது. சருகு மட்டும் அதிகம். ஓடைக்கரை ஓரமாகப் போகிற இரண்டாம் தடத்தில் ஒரு திருப்பத்தில் செம்மண் கரை சரிந்துவிட்டது, அங்கே கயிறு கட்டியிருக்கிறோம், யாரும் போக வேண்டாம். குன்றிலிருந்து இறங்குகிற மூன்றாம் தடம் திறந்திருக்கிறது.

மூன்றாம் தடத்தைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது. அதைச் சொல்ல முடியாமல்தான் இத்தனை நாளாக உன் படத்துக்கு முன்னால் நிமிர்ந்து நிற்காமல் விளக்கை ஏற்றிவிட்டு ஓடிவந்துகொண்டிருந்தேன்.

படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாதே அம்மா. வானூர் பக்கம் எங்கள் ஊரில் உன் குரல் தெரியாத வயலும் கொல்லையும் இல்லை. களை எடுக்கப் போனாலும், வேர்க்கடலை, அதுதான் நம் மல்லாட்டை, பிடுங்கப் போனாலும் உன் பேச்சும் சிரிப்பும் ரோடு வரைக்கும் கேட்கும். நான் பத்தாவது பாதியில் நின்றுவிட்டு வீட்டிலேயே கிடந்தபோது, நீதான் என் கையைப் பிடித்து பார்க் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

"சார், போர்டு எழுத ஆள் வேணும்னு சொன்னாங்களே, இதோ. எழுத்து முத்து முத்தா இருக்கும். வாய் மட்டும் கிடையாது, அத நானே வச்சிக்கினேன்."

டேவிட் அண்ணன் சிரித்துவிட்டார். "எழுதறதுக்கு வாய் எதுக்கும்மா? நாளைக்கு அனுப்புங்க."

மெட்ராசிலிருந்தும் பாண்டியிலிருந்தும் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "ஏன்டி, மேட்டுலேர்ந்து உருளறதுக்கா இவ்ளோ தூரம் வர்றாங்க? என்கிட்ட வரச் சொல்லு, நானே புடிச்சி உருட்டி வுடறேன்." அதைக் கேட்டுக்கொண்டே ஒருவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. அவர் உனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

ஆவணியில் ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். திண்டிவனம் ஆஸ்பத்திரியிலிருந்து விழுப்புரம் போகிற வழியில், ஆம்புலன்சிலேயே போய்விட்டாய். பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்த அப்பா வந்து சேர்ந்த பிறகுதான் உன்னை எடுத்தார்கள்.

பொம்பளைகள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் அல்லவா? நானும் அஞ்சலை அத்தையும் முனையில் நின்றோம். மேளமும் பட்டாசும் முந்திரித் தோப்புக்கு அப்பால் போகிற வரைக்கும் கேட்டன. பல்லக்கிலிருந்து பூவைப் பிய்த்து வழியெல்லாம் போட்டுக்கொண்டு போனார்கள். அந்தப் பூ எது வரைக்கும் போனது, எங்கே திரும்பியது என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருப்பேன்.

ஆனால் சுடுகாட்டுக்குப் போகிற அந்த வழியைத்தான் மூன்றாம் தடம் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு மூன்றாம் தடத்துக்குக் கயிறு போட்டுவிடுவோம். எத்தனையோ முறை நானே போர்டில் எழுதியிருக்கிறேன், "இன்று மூன்றாம் தடம் இல்லை" என்று. உனக்காக அதை எழுதியவர் டேவிட் அண்ணன்.

கருமாதி முடிந்து வேலைக்குப் போனேன். தினமும் காலையில் மூன்று தடத்திலும் ஓட்டிப் பார்த்து எனக்குச் சொல்கிற இன்னொரு அண்ணன், வேறு வேலை கிடைத்து மெட்ராசுக்குப் போய்விட்டிருந்தார். டேவிட் அண்ணன் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார். "நீயே ஓட்டிப் பாத்து எழுதிடு ரேவதி. மெதுவா போ. பயமா இருந்தா இறங்கிடு." பதினொன்றாவதில் எல்லாருக்கும் கவர்மென்ட்டில் சைக்கிள் கொடுப்பார்கள், ஓட்டத் தெரிந்தும் எனக்கு அது கிடைக்கவில்லை. அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டேனே. இந்த சைக்கிளின் சீட்டை ஒரு முறை தடவிப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டும் என்றும்தான்.

முதல் நாள் மூன்றாம் தடத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினேன். சுடுகாட்டு வழி குறுக்கே வருகிற இடத்தில் சாமந்தியும் ரோஜாவும் மண்ணோடு ஒட்டிக் காய்ந்து கிடந்தன. உனக்குப் பிறகு ஊரில் யாரும் சாகவில்லை. அது உன் பூ. நம் வீட்டுப் பொம்பளைகளில் அதை அங்கே பார்த்தது நான் ஒருத்திதான்.

அதன்மேல் எப்படிச் சக்கரத்தை விடுவேன்? சைக்கிளைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, காரைமுள் புதர் வழியாகச் சுற்றிப் போனேன். காலெல்லாம் கீறல். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அப்படித்தான். மழை வந்தது. பூ கறுத்தது, பிறகு மண்ணுக்குள் போனது. அப்போதும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான்.

போன வாரம் ஒரு நாள் விடியும் முன்பு மழை விட்டிருந்தது. அந்த மாதிரிக் காலையில் செம்மண் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொள்கிற மாதிரி பிடித்துக்கொள்ளும் அம்மா. வழுக்காது, தூசியும் கிளம்பாது. நான் குன்றின் மேலிருந்து இறங்கினேன். ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். பிரேக்கைத் தொடவே இல்லை. கீழே ஒரு சின்ன மேடு இருக்கிறது. அதில் ஏறியதும் ரெண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பின. சிரித்துவிட்டேன். சத்தமாக, வாய்விட்டு. என் வாயிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

அந்த மேடு எங்கே இருக்கிறது தெரியுமா? சுடுகாட்டு வழியைத் தாண்டிய பிறகு இருக்கிறது. உன் வழியைத் தாண்டிவிட்டேன், அம்மா. இறங்கவில்லை. தள்ளவில்லை. தாண்டியதே எனக்குத் தெரியவில்லை.

பிரேக்கைப் பிடித்து நின்றேன். பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எல்லாரும் உன்னோடு வேலைக்குப் போனவர்கள்.

"யார்டி அது, காலங்காத்தால?"

"காந்தா பொண்ணு மாதிரி இருக்குது."

"அதுவா? அது பேசவே பேசாதே."

பச்சையம்மா அக்கா செடியைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னாள். "பெத்தவ போன ஈரம் காயல. அவளத் தூக்கிக்கினு போன வழியில இது சிரிச்சிக்கினு போவுது பாரு."

நான் போய் அன்றைய நிலவரத்தை எழுதினேன். "மூன்றாம் தடம் மிக நன்று." நிறையப் பேர் வந்தார்கள். ஒருவர் அந்தப் போன் பக்கத்தில், இந்த வருஷத்திலேயே இதுதான் நல்ல மண் என்று எழுதியிருந்தார். எனக்கு அதைப் படிக்கப் படிக்க உடம்பு கூசியது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அம்மா செத்த வருத்தம் எனக்கு அவ்வளவுதானா? சிரித்தவள் நானா, இல்லை இத்தனை நாள் முள்ளில் கால் கீறிக்கொண்டு நடந்தவள் நானா?

மறுநாள் காலை அஞ்சலை அத்தை பார்க் வாசலுக்கே வந்துவிட்டாள். உன்னோடு குழாயடியில் காலையில் சண்டை போட்டுவிட்டு, சாயங்காலம் மீன் குழம்பைக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுப்பாளே, அதே அத்தைதான். நீ போனதிலிருந்து எனக்குச் சோறு போடுகிறவள். நான் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்ட வந்தவர்கள் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏய் ரேவதி, சிரிச்சியாமே?"

நான் சாக்பீசைக் கீழே வைத்தேன்.

"ஊரே சொல்லுது. ஒரே பேஜாரா போச்சு எனக்கு. இப்பவே ஒங்கப்பனுக்கு போன் போடறேன். அவன் வந்து ஒன்ன பெங்களூருக்கு இட்டுக்கினு போவட்டும். அவன் வேல செய்யற எடத்துக் கொட்டாயில ஆக்கிப் போட்டுக்கினு கெட. இங்க ஒனக்கு சைக்கிளும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

டேவிட் அண்ணன் நடுவில் வந்தார். "அக்கா, அது வேலைக்காகத்தான் ஓட்டுது."

"வேலைக்கு ஓட்டுனா ஓட்டட்டும் தம்பி. சிரிக்கறதும் வேலையா?"

இந்த மாதிரி நேரத்தில் எனக்காக நீதான் பேசுவாய். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்கவில்லை, இருமினேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சொல்லியிருந்தால் அத்தை நம்பியிருப்பாள். நம்பவும் ஆசைப்பட்டாள், முகத்தில் தெரிந்தது.

"சிரிச்சேன் அத்த," என்றேன்.

"எதுக்குடி?"

"வண்டி எழும்புச்சு. சிரிப்பு வந்துடுச்சு."

"ஒங்கம்மா போன வழிடி அது."

"தெரியும் அத்த. தெனம் எறங்கித்தான் போவேன். அன்னிக்கி மறந்துட்டேன்."

மறந்துட்டேன் என்பதை அத்தனை பேர் முன்னால் சொன்னேன் அம்மா. காது மடல் வரைக்கும் சுட்டது. அத்தை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலே மாறிக் கேட்டாள். "எந்த எடம் அது? எனக்குக் காட்டு."

அவளும் தெருமுனையோடு நின்றவள்தானே.

தடத்தில் நடந்தே கூட்டிப்போனேன். புதிதாக வண்டி ஓட்டுகிறவர்களைப் போல அத்தை ஒவ்வொரு திருப்பத்திலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "பாத்து, அத்த, இங்க கல்லு." "நீ பாத்துப் போடி, எனக்கு சொல்ல வந்துட்டா." குறுக்கு வழி வந்ததும் நின்றேன்.

அத்தை குனிந்து பார்த்தாள். "ஒண்ணும் இல்லியேடி."

"பூ இருந்துச்சு அத்த. மழையில போய்டுச்சு."

"என்னா பூ?"

"சாமந்தி. ரோசாவும் இருந்துச்சு."

"ரோசா நான் வாங்கினு வரச் சொன்னது," என்றாள் அத்தை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, அதற்கும் வெட்கமாக இருந்தது.

எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கீழே இருக்கிற மேட்டைப் பார்த்தாள். "இதுலேர்ந்தா எகிறின?"

"ஆமா."

"பைத்தியம்." அவ்வளவுதான் சொன்னாள். என்னை மன்னித்தாளா இல்லையா என்று தெரியவில்லை. திரும்பி வருகிற வழியில் வாசலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள். "ஒங்கப்பனுக்கு நான் போன் பண்ணல. யாராவது சொல்லி அவன் காதுக்குப் போறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு. அவன் வான்னா போ. இருன்னா இரு. எனக்குத் தெரியாது."

அதிலிருந்து மூன்று சாயங்காலம் அப்பாவோடு பேசிவிட்டேன். சாப்பிட்டியா, மழையா, அத்தை எப்படி இருக்கிறாள். மூன்று முறையும் சொல்லாமலே வைத்துவிட்டேன். சொன்னால் என்ன சொல்வார்? உடனே புறப்பட்டு வா என்பாரா? அவருக்கும் அங்கே என்றாவது சிரிப்பு வந்திருக்குமா? வந்திருந்தால் யாரிடம் சொல்லியிருப்பார்?

இனிமேல் அந்த இடத்தில் என்றைக்கும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன் என்று உனக்குச் சத்தியம் செய்யலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அது முடியாது அம்மா. மண் நன்றாக இருக்கிற காலையில் மறுபடியும் மறந்துபோவேன் என்று எனக்குத் தெரிகிறது. செய்ய முடியாத சத்தியத்தை உனக்கு எப்படிச் செய்வேன்?

அதனால் முடிந்ததைச் சொல்கிறேன். இன்று சாயங்காலம் அப்பா வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்ததும் நானே போன் செய்வேன். உன் வழியில் சிரித்ததைச் சொல்வேன். மறந்ததைச் சொல்வேன். இதையெல்லாம்விடச் சொல்லக் கூசுகிற ஒன்று, எனக்கு இன்னும் ஓட்ட வேண்டும் போல இருக்கிறது என்பது. அதையும், போனை வைப்பதற்கு முன்னால், அப்பாவிடம் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
நீ பெற்ற ஒரே பெண்,
ரேவதி