வாசலுக்கு மேலே ஒட்டிய அட்டை

அயோவா
1957 நவம்பர் 18

அன்பு மகன் வெர்லினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறேன், அங்கே நீயும் ஆர்லீனும் சுகமாக இருக்க வேண்டும். முதல் பனி விழுந்துவிட்டது, அப்பா இல்லாததால் வாசல் பனியை நானே தள்ளினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. மரம் வெட்டப் போகும்போது கம்பளிக் கையுறையை மறக்காதே.

உன் பெண்டாட்டி எனக்குத் தனியாகக் கடிதம் போட்டிருந்தாள். அவளைக் கோபிக்காதே, இதையும் அவள்தானே உனக்கு வாசித்துக் காட்டுகிறாள். அப்பா படுக்கையில் கிடந்தபடி தன் கையால் உனக்கு எழுதினார், நான் தந்தி கொடுக்கப் புறப்பட்டபோது, எழுதியிருக்கேனே, வந்துடுவான் என்று தடுத்துவிட்டார். ஒன்பது நாள் கதவையே பார்த்துக்கொண்டிருந்து கண்ணை மூடினார். அடக்கம் முடிந்தபிறகு நீ வந்து நின்றாய், ஊரார் முன்னால் உன்னைக் கல்நெஞ்சக்காரன் என்றேன், நீ வந்த வழியே திரும்பிப் போனாய். ஆர்லீன் தன் தங்கை பிரசவத்துக்குப் போயிருந்ததும், கூட வேலை செய்கிறவர்களிடம் நீட்டக் கூச்சப்பட்டு அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அவளுக்காக நீ காத்திருந்ததும் இப்போதுதான் தெரிகிறது. முதல் வகுப்பு ஆசிரியை பெற்ற பிள்ளை நீ, உனக்கே படிக்க வரவில்லை.

எழுத்துக் கூட்டிப் படிப்பது பழைய முறை, முழுச் சொல்லையும் ஆள் முகம்போலப் பார்த்துப் பழகினால் போதும் என்று ஆசிரியைகள் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பி வீடெல்லாம் அட்டை ஒட்டினேன், கதவில் கதவு, அடுப்பில் அடுப்பு, வாசலுக்கு மேலே வா. அப்பா சட்டையில்கூட அப்பா என்று ஒன்று குத்தினேன், மனுஷர் அதோடு தபால் ஆபீஸ் போய்வந்தார். பள்ளி மேலதிகாரி என் வகுப்பைப் பார்க்க வந்த அன்று நீ ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசித்தாய், அவர் கைதட்டினார். உன் விரல் இருந்தது வேறு பக்கத்தில். நான் பார்த்தேன் வெர்லின், பார்த்துவிட்டு யாருக்கும் தெரியாமல் தாளைத் திருப்பிவைத்தேன். அப்பா அதற்கு முன்பே சொல்லியிருந்தார், "ஹேசல், பய படிக்கல, ஒப்பிக்கிறான். ஒவ்வொரு எழுத்தா சத்தத்தச் சொல்லிக்குடு." சோளம் நிறுக்கிறவர் எனக்குப் பாடம் சொல்ல வேண்டாம் என்றேன். குற்றம் என்னுடையது, உன்னைச் சொன்ன சொல்லுக்கு என்னை மன்னித்துவிடு.

கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும். மலைப்பாதையில் பனி மூடுவதற்குள் புறப்படுவதாக இருந்தால் நல்லது. ஆர்லீன், இத்தோடு நிறுத்திக்கொண்டு தாளை அவன் கையில் கொடு. வெர்லின், கீழே இருப்பதெல்லாம் அந்த அட்டைகளில் இருந்தவைதான், அதே மாதிரி பெரிதாக எழுதியிருக்கிறேன், நீயே படி.

அப்பா
கதவு
வீடு
வா

அம்மா